நூற்றிருபதில் ஒன்று மிச்சம்

ஒன்றே ஒன்று மிச்சமிருந்தால் போதும். நூற்றிருபதில் நூற்றுப்பத்தொன்பது காலியாகட்டும், பரவாயில்லை. பார்ட்டி முடியும்போது தட்டில் ஒரே ஒரு துண்டு வெள்ளரிக்காய் கிடந்தால், நாலு மணி கிரீம் பன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். இதுதான் பந்தயம். இவ்வளவு சுலபமான பந்தயத்தில் ஒரு மனிதன் தோற்க முடியுமா? முடியாது என்றுதான் பரிசோதகர் நினைத்தார்.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாகத் தரப் பரிசோதகர். பெல்ட்டில் ஓடி வரும் பிஸ்கட்டில் உடைந்தது, கருகியது, ஓரம் நசுங்கியது எது கண்ணில் பட்டாலும் விரலால் சுண்டி, "தள்ளு" என்பார். ஒரு நாளைக்குச் சராசரி நானூறு முறை சொல்லுவார். அதனால் தொழிற்சாலையில் அவருக்கு "தள்ளு சார்" என்று பெயர். அந்தப் பெயர் எப்படியோ பஸ் பிடித்து, லிப்ட் ஏறி, அவர் குடியிருக்கும் நாலாம் மாடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அவர் மனைவியும் பரிசோதனைத் துறைதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். இவர் பரிசோதிப்பது பிஸ்கட்டை. அவள் பரிசோதிப்பது ரத்தத்தை. பிஸ்கட் எதிர்த்துப் பேசாது. ரத்தம் பேசும். அதுவும் உடம்புக்குச் சொந்தக்காரனை விட்டுவிட்டு நேரே அவளிடம் போய்ப் பேசும்.

அப்படித்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் அவருடைய ரத்தம் போய்ப் பேசிவிட்டது. மற்ற வீட்டுப் புருஷன் என்றால் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிடலாம். இவர் எங்கே போய் மறைப்பது? குத்தினவளே அவள். குழாயில் பெயர் ஒட்டினவளே அவள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவளும் அவள்.

"சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுட்டு நிக்குது" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"தொட்டுட்டுதான நிக்குது? தாண்டலையே?"

"தாண்டறதுக்குக் காலைத் தூக்கி வச்சிருக்கு. இன்னியோட கிரீம் பன் கிடையாது."

"இருபத்திரண்டு வருஷமா நாலு மணிக்கு ஒரு கிரீம் பன் சாப்பிடறேன்!"

"தெரியும். எட்டாயிரத்துக்கு மேல ஆச்சு. ரத்தம் எடுத்தா ஊசில கிரீம்தான் வருது."

கூடையில் போட்ட பிஸ்கட் திரும்பப் பெல்ட்டுக்கு வருவதில்லை. கிரீம் பன்னும் அன்றைக்கே போனது. அந்த அநியாயத்தை அவர் தொண்ணூற்று நாலு நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு வெறும் டீ. டீயிலும் சர்க்கரை பாதி. கோப்பையைப் பார்த்தால் அதற்கே தன்னை நினைத்து அழுகை வரும் போல இருந்தது.

அந்த நிலையில்தான் பார்ட்டி வந்தது. பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்துப் பிள்ளைகள் இருபத்து நாலு பேருக்கும் கீழ் ஹாலில் ஒரு பார்ட்டி. வருஷத்துக்கு ஒரு வீடு தின்பண்டப் பொறுப்பு. மொத்தம் பதினாறு வீடு. பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் அதிகாரம். பரிசோதகர் மனத்துக்குள் கிரீம் பன்னுக்கு ஆர்டரே கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு இருபத்து நாலு, உபரி ஆறு. அந்த ஆறு எங்கே போகும் என்பது அவருக்கும் அவர் மனத்துக்கும் மட்டும் தெரியும்.

"ஆர்டர் எல்லாம் வேண்டாம்" என்றாள் மனைவி. "பிள்ளைங்கள வச்சே நம்ம வீட்டுல செய்யப் போறோம். வெள்ளரிக்காய்ப் படகு, பழக்குச்சி, பேரீச்சை உருண்டை. எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது."

"பிள்ளைங்க பார்ட்டிக்கு வராங்களா, பத்தியத்துக்கு வராங்களா?"

"பார்ட்டிக்குத்தான்."

"வெள்ளரிக்காயைப் பாத்தா ஓடிடுவாங்க! எனக்கே ஓடணும் போல இருக்கு."

"அவங்களே செஞ்சா அவங்களே திம்பாங்க."

"திங்க மாட்டாங்க. எழுதித் தரேன். நூத்துல தொண்ணூறு அப்படியே திரும்பி வரும்."

மனைவி கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். அவள் ஒரு வேலையை முடிக்காமல் துணியை மடித்து வைத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில் கவனிக்கவில்லை.

"சரி, பந்தயம்" என்றாள். "ஆளுக்கு அஞ்சுன்னு நூத்திருபது செய்வோம். தொண்ணூறு எல்லாம் வேண்டாம். ஆறு மணிக்குப் பார்ட்டி முடியறப்ப தட்டுல ஒண்ணு, ஒரே ஒண்ணு மிச்சம் இருந்தா நீங்க ஜெயிச்சீங்க. தினம் நாலு மணிக்குக் கிரீம் பன். வாயத் திறக்க மாட்டேன்."

"ஒண்ணுமே இல்லாட்டி?"

"ஒரு வருஷத்துக்கு நாலு மணிக்கு நான் வைக்கிறத நீங்க வாயத் திறந்து சாப்பிடணும். திறக்கறது அதுக்கு மட்டும்."

பரிசோதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றிருபதில் ஒன்று! தொழிற்சாலையில் நூற்றிருபது பிஸ்கட்டுக்கு மூன்று தள்ளுபடி சாதாரணம். இயந்திரமே அப்படி என்றால் ஆறு வயசுப் பையன் செய்த படகு எப்படி இருக்கும்? பார்த்தவர்கள் பயந்துவிடுவார்கள். இவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கோணலாக வெட்டட்டும். வழியவழியத் தயிர் ஊற்றட்டும். உருண்டை செங்கல்லாக இருக்கட்டும். எதையும் திருத்தக் கூடாது. அவ்வளவுதான் திட்டம். உலகத்திலேயே உழைப்பு இல்லாத திட்டம்.

"நானும் கூட இருக்கேன். சும்மா பாத்துட்டிருப்பேன்" என்றார் பெருந்தன்மையாக.

"இருங்களேன்" என்றாள் அவள். "நீங்க இல்லாம எப்படி?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையலறையில் நாலு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பரிசோதகரின் மகள் பெரியவள், வயது பத்து, அப்பாவைப் போலவே நோட்டும் பென்சிலும் இல்லாமல் எதற்கும் வர மாட்டாள். சின்னவன், வயது ஆறு, முன்பல் இரண்டு கிடையாது. கீழ்வீட்டு ரெட்டைகள், ஆண் ஒன்று, பெண் ஒன்று, எட்டு வயது. நாலு பேரும் கை கழுவி, முழங்கை வரை ஈரமாக நின்றார்கள். மேஜையில் வெள்ளரிக்காய் குவிந்து கிடந்தது. பரிசோதகர் பழக்கத்தில் எண்ணினார்.

"பதினாலு இருக்கு. ஒரு காய்க்கு நாலு படகு. நாப்பது படகுக்குப் பத்து காய் போதுமே. எதுக்குப் பதினாலு?"

"நீங்க இருக்கீங்களே" என்றாள் மனைவி.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை. மரியாதையாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

வேலை தொடங்கியது. கத்தி மனைவி கையில். காயைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று வெட்டி நாலாக்குவாள். ரெட்டைகள் ஸ்பூனால் விதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சின்னவன் குழியில் கெட்டித் தயிர் வைக்க வேண்டும். பெரியவள் முக்கோணமாக நறுக்கிய கேரட்டைப் பல்குச்சியில் குத்திப் பாய்மரமாக நட வேண்டும். மேலே மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. படகு தயார்.

முதல் படகு வந்தது. பரிசோதகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாய்மரம் புயலில் சிக்கியது போலச் சாய்ந்திருந்தது. தயிர் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். அருமை! இப்படியே போகட்டும். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இரண்டாவது படகுக்குப் பாய்மரமே தலைகீழ். பரிசோதகரின் வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. அதை இடது கையால் பிடித்து அடக்கினார்.

மூன்றாவது படகில் ஒரு விதை இருந்தது. ஒரே ஒரு விதை. தயிருக்கு நடுவில் அது அவரைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் நாலாவது படகு, மூன்றாவதைவிட அரை அங்குலம் நீளம். ஒரே தட்டில்! பக்கத்துப் பக்கத்தில்!

பதினோரு நிமிஷம் தாங்கினார். அதற்குமேல் ரத்தமும் சதையுமாக இருக்கிற எந்தப் பரிசோதகராலும் முடியாது.

"தள்ளு!" என்று கத்தினார்.

நாலு பிள்ளைகளும் திடுக்கிட்டு நின்றார்கள்.

"இது என்ன படகா, முழுகின கப்பலா? அளவுன்னு ஒண்ணு வேண்டாமா? எல்லாம் ஒரே நீளம் இருக்கணும். மூணு அங்குலம்! பாய்மரம் நேரா நிக்கணும். விதை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இத எடுத்துட்டுப் போய் சபையில வைக்கிறதா? என் வீட்டுலேருந்து போகுது! என் பேர் என்ன ஆகும்?"

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறு அங்குல இரும்பு அளவுகோல் வெளியே வந்தது. நாற்காலி மேஜையருகே நகர்ந்தது. பெரியவள் நோட்டைத் திறந்து, யாரும் சொல்லாமலே நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'தேர்ச்சி' என்றும் மறுபக்கம் 'தள்ளுபடி' என்றும் எழுதினாள். தன் திட்டத்தைத் தானே காலால் உதைக்கிறோம் என்பது பரிசோதகருக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த விதை இருக்கிறதே, அந்த விதை! அதை அப்படியே விட்டால் ஒரு மாதம் தூக்கம் வராது.

'கவலையில்லை' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். 'எவ்வளவு அழகாக இருந்தாலும் வெள்ளரிக்காய் வெள்ளரிக்காய்தானே? நூற்றிருபதில் ஒன்று மிஞ்சாமலா போகும்?'

தள்ளிய நாலு படகையும் எடுத்துக் குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, உங்க பேக்டரில தள்ளினத என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள். கேரட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப லைனுக்குப் போகவே கூடாது. அந்த இடத்துலயே அழிக்கணும். பரிசோதகர் கை வச்சது பரிசோதகர் பொறுப்பு."

"நல்ல சட்டம். ஆனா குப்பையில போட முடியாதே."

"ஏன் முடியாது?"

"அப்பா, நாலாவது!" என்று சின்னவன் பிரிட்ஜைக் காட்டினான்.

பிரிட்ஜ் கதவில் வீட்டுச் சட்டங்கள் ஏழு ஒட்டியிருந்தன. எழுதியவர் பரிசோதகர். கையெழுத்தும் தேதியும் போட்டவர் பரிசோதகர். நாலாவது சட்டம்: 'கையில் எடுத்த உணவைக் குப்பையில் போடக் கூடாது. எடுத்தவரே சாப்பிட வேண்டும்.' சின்னவன் இட்லியளவு கேக்கைக் கடித்துவிட்டு மீதியை வீசியபோது போட்ட சட்டம் அது. அப்போது அது நியாயமாக இருந்தது.

நாலு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. ரெட்டைகள் வேற்று வீட்டுப் பிள்ளைகள் வேறு. கீழே போய்ச் சொல்லிவிடும்.

பரிசோதகர் முழுகின கப்பலை வாயில் போட்டார். மொறுக்கென்றது. அடுத்ததையும் போட்டார். நாலையும் முடித்துவிட்டு, "தள்ளுபடி நாலு, எழுது" என்றார் கடுப்பாக.

"எழுதிட்டேன்ப்பா."

அதற்குப் பிறகு யார் தடுத்தாலும் அவர் நிற்கும் நிலையில் இல்லை. பழக்குச்சிக்கு வந்தார்கள். பச்சைத் திராட்சை, அன்னாசி, கறுப்புத் திராட்சை, ஆப்பிள் என்று வரிசை. ரெட்டைகளில் பையன் ஆப்பிளை முதலில் குத்திவிட்டான்.

"தள்ளு! வரிசை மாறக் கூடாது!"

"தின்னா எல்லாம் ஒரே வயித்துக்குத்தான அங்கிள் போகுது?"

"வயிறு வேற, வரிசை வேற! அடுத்தது? இதுல திராட்சை வதங்கியிருக்கு. யார் எடுத்தா? தள்ளு!"

"நீங்கதான் அங்கிள் எடுத்துக் குடுத்தீங்க."

"அப்ப நானே தள்ளறேன்!"

ஒரு குச்சிப் பழம் உள்ளே போனது. கோபத்தில் இன்னொன்று. பேரீச்சை உருண்டைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை வறுத்த வேர்க்கடலைப் பொடியோடு பிசைந்து, எலுமிச்சையளவுக்கும் கீழே, கோலிக்கும் மேலே உருட்ட வேண்டும். சின்னவன் உருட்டியது மூன்று மூலையோடு வந்தது.

"உருண்டைக்கு மூலை உண்டாடா?"

"இது புது மாதிரிப்பா."

"தள்ளு!"

"அப்பா, வாயத் திறங்க. நானே தள்ளறேன்" என்று சின்னவன் ஓடிவந்து ஊட்டிவிட்டான்.

ஒன்றேகாலுக்கு மூன்று தட்டு நிறைந்தது. நாற்பது படகு, எல்லாம் மூன்று அங்குலம், பாய்மரம் ஒரே திசையில், கடற்படை அணிவகுப்பு மாதிரி. நாற்பது குச்சி, நிறம் மாறாத வரிசை. நாற்பது உருண்டை, ஒன்றை ஒன்று பார்த்து அச்செடுத்தது போல. பரிசோதகர் மூன்று தட்டையும் சுற்றி வந்தார். அவர் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. பிறகுதான் உறைத்தது. இவ்வளவு அழகாக இருந்தால் சாப்பிட்டுவிடுவார்களே!

"தேர்ச்சி நூத்திருபது" என்று பெரியவள் வாசித்தாள். "தள்ளுபடி, படகு பதினாறு, குச்சி பதினொண்ணு, உருண்டை பத்து. மொத்தம் முப்பத்தேழு."

"அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு?" என்றாள் மனைவி.

"வேண்டாம்!" என்று எரிந்து விழுந்தார் பரிசோதகர். வயிற்றில் இடம் இல்லை.

சாயங்காலம் நாலரைக்குப் பார்ட்டி. கீழ் ஹாலில் பலூன், பாட்டு, நாற்காலியைச் சுற்றி ஓட்டம். நீள மேஜையில் மூன்று தட்டு. மேஜைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பரிசோதகர். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்.

முதல் கால் மணி நேரம் நன்றாகப் போனது. ஒருவரும் கிட்ட வரவில்லை. பரிசோதகர் கிரீம் பன்னுக்கு மேல் தூவியிருக்கும் சர்க்கரைப் பொடியை நினைத்து உதட்டை நக்கிக்கொண்டார்.

பிறகு அந்த நாலு பேர் வேலையை ஆரம்பித்தார்கள்.

"இந்தப் படகு நான் செஞ்சது! விதை எடுத்தது நான்!" என்று ரெட்டைகளில் பெண் கூவினாள்.

"இந்த உருண்டை என்னுது! அப்பா அளந்து பாத்துப் பாஸ் போட்டாரு! எங்க அப்பா பாஸ் போடறது ரொம்பக் கஷ்டம் தெரியுமா?" என்று சின்னவன் முன்பல் இல்லாத வாயால் காற்றோடு கத்தினான்.

"தள்ளு சார் பாஸ் போட்டாரா?" என்று ஒரு பையன் வந்து எடுத்தான். அவ்வளவுதான். இருபத்து நாலு பேரும் மேஜையைச் சூழ்ந்தார்கள். நூற்றிருபது தொண்ணூறாயிற்று. தொண்ணூறு அறுபத்தைந்தாயிற்று. பரிசோதகர் தூணை விட்டு நிமிர்ந்தார்.

"மெதுவா! மெதுவா! ஆளுக்கு அஞ்சுதான்! அதுக்கு மேல எடுத்தா வயிறு வலிக்கும்!"

"வெள்ளரிக்காய்க்கு வலிக்காது சார்" என்றார் பக்கத்தில் வந்து நின்ற மூன்றாம் மாடிப் பல் டாக்டர். ஒரு கையில் ஏற்கெனவே பழக்குச்சி இருந்தது.

"நீங்க எதுக்கு சார் எடுக்கறீங்க? இது பிள்ளைங்களுக்கு!"

"நானும் ஒருத்தருக்குப் பிள்ளைதான சார்."

"இதெல்லாம் கணக்குல வராது! ஏம்மா, இங்க வா. பெரியவங்க தின்னா கணக்குல வராது, சொல்லு!"

மனைவி ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டபடி திரும்பினாள். "மிச்சம் இருக்கா இல்லையான்னுதான் பேச்சு. யார் தின்னாங்கன்னு பேச்சே வரலையே."

"அநியாயம்!"

"எழுதித் தரேன்னு சொன்னீங்களே, எழுதியிருந்தா இதையும் சேத்து எழுதியிருக்கலாம்."

டாக்டர் இன்னொரு குச்சி எடுத்துக்கொண்டார். வாட்ச்மேன் வந்து, "சார், ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டு, பதில் வருமுன் இரண்டு உருண்டை எடுத்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்குத் தட்டில் ஐந்து மிச்சம். நாலு படகு, ஒரு உருண்டை.

பிள்ளைகள் எல்லாம் கேக் வெட்டாத இந்தப் பார்ட்டியை எந்தக் குறையும் இல்லாமல் முடித்துக்கொண்டு, ஹாலின் மறுகோடியில் பாட்டுக்கு ஆடப் போய்விட்டார்கள். டாக்டருக்கு ஏப்பம் வந்துவிட்டது. வாட்ச்மேன் கேட்டுக்குப் போய்விட்டார். மேஜை அருகே ஒருவரும் இல்லை. பதினைந்து நிமிஷம். ஐந்து மிச்சம். பரிசோதகர் அந்த ஐந்துக்கும் காவலாக, கையைக் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நின்றார். அவருக்கு மூக்கில் கிரீம் வாசனை அடித்தது.

சின்னவன் வந்தான்.

"அப்பா, இந்தப் படகுல பாய்மரம் சாஞ்சிருக்கே. இது பாஸா?"

பரிசோதகர் குனிந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. கூட்டத்தில் இடிபட்டிருக்க வேண்டும்.

"இது எப்படிப் பாஸ் ஆச்சு? தள்ளு!" வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல தயிர் வழிஞ்சிருக்குப்பா."

"தள்ளு!"

"இந்த உருண்டை அமுங்கியிருக்கு."

"யார் அமுக்கினது? தள்ளு!"

"இந்தக் கேரட்டு காஞ்சு போச்சு."

"தள்..." போட்டு மென்றுகொண்டே கை அடுத்ததற்கு நீண்டது. பாதியில் நின்றது. தட்டில் ஒரே ஒரு படகு. பரிசோதகர் மகனை முறைத்தார்.

"டேய். உன்ன யாருடா அனுப்பினது?"

"அம்மாதான். அப்பாகிட்ட போய் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டுட்டு வாடான்னாங்க."

ஓஹோ! அப்படியா சேதி! பெற்ற பிள்ளையை ஏவிவிட்டு, கட்டின புருஷன் வாயாலேயே புருஷனைத் தோற்கடிக்கப் பார்த்தாளா? பரிசோதகருக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே ஆனந்தமும் பொங்கியது. கண்டுபிடித்துவிட்டாரே! பத்தொன்பது வருஷக் கண் இல்லையா?

"போய் உங்கம்மாகிட்ட சொல்லு. அப்பா இனிமே எதையும் தள்ள மாட்டாரு. பாய்மரம் ஒடிஞ்சு விழுந்தாலும் தள்ள மாட்டாரு. போ!"

சின்னவன் ஓடினான். பரிசோதகர் கடைசிப் படகை உற்றுப் பார்த்தார். மூன்று அங்குலம். பாய்மரம் நேர். தயிர் மட்டம். விதை இல்லை. குற்றம் கண்டுபிடிக்கவே முடியாத படகு. நாற்பதில் முதல் தரம். ஒன்று போதும் என்றுதானே பந்தயம்? ஒன்று இருக்கிறது. ஆறுக்கு நாலு நிமிஷம்.

மனைவி வந்தாள். பின்னால் நோட்டோடு பெரியவள். மறுகோடியில் இருந்தவர்களும் பார்ட்டி முடிகிறது என்று மேஜைப் பக்கம் வந்து கூடினார்கள். மனைவி தட்டைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணு இருக்கு. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"பாத்தியா!"

"ஒத்துக்கறேன். நாளையிலேருந்து கிரீம் பன்."

"சின்னவன அனுப்பினியே! நான் ஏமாறுவேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன். முடியல. உங்க கண்ணு முன்னாடி நடக்குமா?" என்று அவள் பணிவாகச் சொன்னாள். பிறகு தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, மூக்கைச் சுருக்கினாள். "ஆனா இத ஏன் ஒருத்தரும் தொடலைன்னு இப்பதான் புரியுது. டாக்டர்கூட எடுக்க வந்துட்டு வச்சுட்டாராம். தயிர் புளிச்சு ஏதோ மாதிரி இருக்காம். சரி விடுங்க. கெட்டுப்போனதா இருந்தாலும் மிச்சம் மிச்சம்தான?"

"என்னது?"

"நூத்திருபதில ஒண்ணு கவனிக்காம பாஸ் ஆகறது சகஜம்தான. வயசாகுது. கண்ணு முந்தி மாதிரியா இருக்கும்?"

ஹாலே கேட்டுக்கொண்டிருந்தது. பதினாறு வீட்டு ஜனம். இருபத்து நாலு பிள்ளைகள். பரிசோதகரின் காது சிவந்தது.

"நான் பாஸ் போட்டது கெட்டுப்போனதா?" என்று முழங்கினார். "நானா? பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு புகார் வந்திருக்கா? தயிர் புளிச்சிருக்கா? யார் சொன்னது? என் கையால அளந்தது! என் கண்ணால பாத்தது!"

"கோச்சுக்காதீங்க. ஏதோ கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டியா? இப்பப் பாரு! எல்லாரும் பாருங்க!"

படகை எடுத்தார். ஒரே வாய். கண்ணை மூடி, நிதானமாக, தொழிற்சாலையில் புது வகைப் பிஸ்கட்டைச் சுவைப்பது போல மென்றார்.

"மொறுமொறுன்னு இருக்கு! தயிர் புளிக்கல! உப்பு சரி! மிளகு சரி! முதல் தரம்! இதைவிட நல்ல தின்பண்டம் இந்த ஹாலுக்கே வந்ததில்ல!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாரையும்விட பலமாகத் தட்டியது பல் டாக்டர்.

"சார், தயிர் புளிப்புன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்று பரிசோதகர் அவர் மேல் பாய்ந்தார்.

"நானா? நான் எப்ப சார் சொன்னேன்? இன்னும் ரெண்டு கிடைக்குமான்னுதான் உங்க வீட்டுல கேட்டேன்."

கைதட்டல் மெல்ல அடங்கியது. பரிசோதகர் தட்டைப் பார்த்தார். தட்டு பளபளவென்று இருந்தது. தம் கையைப் பார்த்தார். அதில் ஒரு பல்குச்சி இருந்தது. மனைவி பலூன் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"குச்சியைக் குப்பையில போடலாம்ப்பா, அது உணவு இல்ல" என்றான் சின்னவன் ஆறுதலாக.

பெரியவள் நோட்டில் கடைசி வரியை எழுதி, எச்சில் தொட்ட பென்சிலோடு அவர் முன்னால் நீட்டினாள். தேர்ச்சி நூற்றிருபது. தள்ளுபடி முப்பத்தேழு. மிச்சம் பூஜ்யம். அதற்குக் கீழே, அப்பா மட்டும் தின்றது மொத்தம் நாற்பத்திரண்டு.

பரிசோதகர் நோட்டைப் பிடுங்கி, மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். எங்காவது ஒரு பிழை இருந்தால் "தள்ளு" என்று கத்துவதற்கு வாய் திறந்தே இருந்தது.

கணக்குச் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.